சீவலோடைக்கு நரம்பில்லாமல் போன பத்தொன்பது நாள்

ஆவணி மாதம் முதல் திங்கட்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு, சீவலோடையில் ஒருவர் கையிலும் நரம்பு இல்லாமல் போயிற்று.

புத்தகத்தில் சிரை என்று போட்டிருக்கும். ஊசி போடுகிறவர்களுக்கும் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் அது நரம்புதான். அது இல்லை. முழங்கை மடிப்பில் இல்லை, புறங்கையில் இல்லை, பாதத்தில் இல்லை, கத்தினால் கழுத்தில் புடைக்குமே, அங்கேயும் இல்லை. ரத்தம் இருந்தது. நாடி துடித்தது. முள் குத்தினால் ஒரு சொட்டு வந்தது. அந்தச் சொட்டு எந்த வழியாக வந்தது என்று கேட்டால்தான் பதில் இல்லை. ஏன் இப்படி என்று கேட்பதிலும் பிரயோசனமில்லை. கேட்டவர்கள் கமிட்டி போட்டார்கள். கமிட்டி டீ குடித்தது.

முதலில் கண்டவள் சங்கரவடிவு. தாலுகா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற உதவியாளர். காலையில் பதினோராம் நம்பர் அறை. மதியத்துக்கு மேல் ஸ்கூட்டியின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, எழுந்து நடமாட முடியாதவர்களின் வீடு வீடாக. பதினெட்டு வருஷம். ஊரில் ஒத்தக்குத்து வடிவு என்றால்தான் தெரியும். ஒரே குத்து, குப்பியில் ரத்தம், பஞ்சை வைத்துக் கையை மடக்கு, அடுத்த ஆள் வா. அழ வாயைத் திறந்த பிள்ளை அழுது முடிப்பதற்குள் வேலை முடிந்து, ஏன் அழ ஆரம்பித்தோம் என்று அதுவே யோசித்துக்கொண்டு போகும்.

அன்றைக்கு முதல் ஆள் அரிசிக்கடை தவசிமணி. சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் பார்க்க வெறும் வயிற்றோடு வந்திருந்தார். ரப்பர் பட்டையை இறுக்கினாள், இரண்டு விரலால் தட்டினாள், தடவினாள், மறுபடியும் தட்டினாள். சாந்து பூசிக் காயவைத்த சுவர் மாதிரிக் கை வழவழவென்று கிடந்தது.

"என்ன மைனி, தடவிக்கிட்டே இருக்கீய. பசிக்கி. குத்துங்க."

"பொறுங்க அண்ணாச்சி."

"நேத்துச் சாயங்காலம் தின்னது."

"பொறுங்கன்னேன்லா." அடுத்த கையையும் பார்த்துவிட்டு வடிவு சொன்னாள்: "உங்களுக்கு நரம்பே இல்ல அண்ணாச்சி."

அந்த அறையில் வருஷக்கணக்காகச் சொல்லப்பட்டு வந்த வார்த்தை அது. அங்கே குத்து தப்பினால் கை தப்பு என்று யாரும் சொல்வதில்லை. உனக்கு நரம்பே இல்லை என்று நர்ஸ் சொல்வாள், உங்கள் வீட்டில் யாருக்குமே இருக்காதோ என்று டெக்னீஷியன் கேட்பார், பயந்தால் ஓடித்தான் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போவார், குத்து வாங்கியவரும் ஏதோ தன் வீட்டுச் சாமானைத் தொலைத்துவிட்டவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு பஞ்சை அமுக்கியபடி போவார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வார்த்தை உண்மையாக இருந்தது.

வரிசையில் நாற்பத்து மூன்று பேர். ஒருவருக்கும் இல்லை. வடிவு தன் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தாள். அவளுக்கும் இல்லை.

அறையில் இன்னொரு நாற்காலி உண்டு. அது ஆறுகுத்துடையது. பழைய லிஃப்ட் ஆப்பரேட்டர். லிஃப்ட் நின்று பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. ஆளைச் சும்மா வைத்திருக்க வேண்டாமென்று பயிற்சிக்கு அனுப்பி இங்கே உட்காரவைத்தார்கள். முதல் நாளே போலீஸ் ஸ்டேஷன் ரைட்டருக்கு ஆறு தடவை குத்தினார். அந்தப் பெயரை வைத்தது வடிவுதான். வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. டூட்டி போர்டில் ஆ.கு. என்றுதான் எழுதினார்கள், ரிஜிஸ்டரிலும் அதுவே. மனிதருக்கு ஐம்பத்து மூன்று வயது. பேச்சு கம்மி. கை நடுங்கும். அவர் வரிசையில் விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள்தான் நிற்பார்கள். மதியத்துக்கு மேல் அவரும் சைக்கிளில் சில வீடுகளுக்குப் போவார்.

ஒன்று மட்டும் உண்டு. அறைச் சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது: இரண்டு முறை முயலவும், கிடைக்காவிட்டால் அடுத்தவரிடம் ஒப்படைக்கவும். வடிவு அதன்மேல் ஒரு நகைக்கடைக் காலண்டரை மாட்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆறுகுத்து மட்டும், அந்த முதல் நாளுக்குப் பிறகு ஒருநாளும் அதை மறக்காமல், இரண்டு தடவை தப்பினதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, நோயாளியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார். "ரெண்டு ஆச்சுக்கா. நீங்க பாருங்க." வயதில் மூத்தவர், ஆஸ்பத்திரியே அவளை அக்கா என்றதால் அவரும் அக்கா என்றார். வடிவு ஒரே குத்தில் எடுப்பாள். வரிசை சிரிக்கும். அவரும் சிரித்துவிட்டுப் போவார்.

*

முதல் நாள் ஊர் பயந்தது. இரண்டாம் நாள் கூட்டம் போட்டது. மூன்றாம் நாளிலிருந்து பழகிக்கொள்ள ஆரம்பித்தது. ஊர் என்பது அப்படித்தான்.

ஓடைப்பாலத்தைத் தாண்டி உள்ளே வருகிற வெளியூர்க்காரர்களுக்கும் நரம்பு மறைந்தது, திரும்பிப் பாலத்தைத் தாண்டினால் அவர்களுக்கு வந்துவிட்டது. சீவலோடைக்காரர்களுக்கோ மதுரைக்குப் போனாலும் வரவில்லை, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சிவப்பு விளக்குப் போட்டு நரம்பு தேடும் மெஷினுக்குக் கீழே கையை நீட்டினாலும் முடிதான் தெரிந்தது. எந்த ஊர் என்று கேட்டார்கள். சீவலோடை என்றதும் ஓ என்றார்கள். அதோடு சரி.

ஜிம் நடத்துகிற ராபின்சன்தான் முதலில் நொந்தவன். அவன் புஜத்து நரம்புதான் அவன் கடைக்கு போர்டு. அது போனதும் வாழைத்தண்டு மாதிரிக் கையை வைத்துக்கொண்டு கல்லாவில் முழுக்கைச் சட்டை போட்டு உட்கார்ந்தான். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு மட்டும் புறங்கை காலேஜ் பிள்ளைகள் கை மாதிரி ஆகிவிட்டதால், அவர்கள் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது ஒரு நிமிஷம் கூடுதலாகப் பிடித்தார்கள். வார்டு மெம்பர் மேடையேறிப் பேசினார். கழுத்து நரம்பு புடைக்காமல் பேசினதால் ஒருவரும் நம்பவில்லை, அவரே பாதியில் நிறுத்திக்கொண்டு இறங்கிவிட்டார். அம்மன் கொடையில் சாமி வந்ததா இல்லையா என்பதை ஆடுகிறவர் கழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது வழக்கம். இந்த வருஷம் அவரிடமே கேட்கவேண்டி வந்தது, அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்திருக்கு என்றார். கல்யாணம் பேச வந்த பெண்வீட்டார் மாப்பிள்ளைக்கு நரம்பு உண்டா என்று கேட்க, ஊருக்கே இல்லை என்றதும், அப்படியானால் சரி என்று தட்டை மாற்றினார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் படிவத்தில் பேனாவால் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: நரம்பு இல்லை, ஊர் வழக்கம்.

டீக்கடையில் தவசிமணி சொன்னார்: "எனக்கு முதுகெலும்பு இல்லன்னு வீட்ல பொழுதன்னைக்கும் ஏச்சு. இப்போ நரம்பும் இல்ல. இனி எதைச் சொல்லி ஏசுவா, பாக்கேன்."

"கண்டுபிடிச்சிருவா அண்ணாச்சி," என்றார் டீ ஆற்றுகிறவர். "அவ்வோ லேசுப்பட்ட ஆளா?"

இப்படி எல்லோருக்கும் ஒரு வழி கிடைத்தது. விரலைக் குத்தினால் வருகிற சொட்டில் சர்க்கரை பார்த்துக்கொண்டார்கள், மருந்தை மாத்திரையாக விழுங்கினார்கள், அவசரம் வராதவர்கள் அவசரம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். நரம்பு வேண்டியதில்லை என்றுகூடச் சிலர் பேச ஆரம்பித்தார்கள்.

அபிஷாவுக்கு மட்டும் வழி இல்லை.

*

அபிஷாவுக்கு இருபத்து மூன்று வயது. பிறந்ததிலிருந்து அவள் உடம்பில் ஓடுகிற ரத்தம் மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். மூன்று வாரத்துக்கு ஒருதரம் சனிக்கிழமை வருவாள். வடிவு சாம்பிள் எடுப்பாள், பொருத்தம் பார்ப்பார்கள், இரண்டு பை ஏற்றுவார்கள், சாயங்காலம் கன்னத்தில் நிறத்தோடு வீட்டுக்குப் போவாள். பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் வேலை. நரம்பு போவதற்கு இரண்டு நாள் முந்தின சனிக்கிழமை ரத்தம் ஏற்றிக்கொண்டு போயிருந்தாள். அப்படியானால் அடுத்த தவணைக்கு, திங்கட்கிழமையையும் சேர்த்து, பத்தொன்பது நாள் இருந்தது. இருபதாம் நாள் ஏற்றியாக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி வடிவு யாரிடமும் பேசவில்லை.

அன்றைக்கு அவளுக்குக் கை வரவில்லை. சில நாள் அப்படித்தான், காரணம் கிடையாது. முதல் குத்து தப்பியது, இரண்டாவதும் தப்பியது. பக்கத்து நாற்காலியில் ஆறுகுத்து சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கொடுக்கவேண்டும். ஒத்தக்குத்து வடிவு, ஆறுகுத்திடம், நோயாளியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், ரெண்டு ஆச்சு நீங்க பாருங்க என்று சொல்லவேண்டும், வரிசை பார்த்துக்கொண்டு நிற்கும். அவள் அவரை டீ வாங்கிவர அனுப்பினாள். திரையை இழுத்துவிட்டு மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று குத்தினாள். ஏழாவதில் வந்தது. அபிஷா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நரம்பே இல்ல ட்டி," என்றாள் வடிவு.

ரிஜிஸ்டரில் "எத்தனை குத்து" என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள்.

*

எட்டாம் நாள் அபிஷா வேலைக்குப் போனாள். பத்தாம் நாள் நகம் வெளுத்தது. பன்னிரண்டாம் நாள் படியேறும்போது நின்று நின்று ஏறினாள். பதினான்காம் நாள் படுத்தாள்.

தலைமை டாக்டர் நவமணி பார்க்காத இடமில்லை. கழுத்து, தொடை எல்லாம் பார்த்தார். எலும்புக்குள் ஏற்றலாம் என்று எலும்பில் குத்தினார்கள். ஊசி வளைந்து திரும்பி வந்தது. மதுரைக்கு எழுதினார், சென்னைக்கு எழுதினார். சென்னையிலிருந்து, நோயாளியின் நரம்பைக் கண்டறிந்து தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. நவமணி அந்தக் கடிதத்தை நான்காக மடித்து மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடாமல் நின்றது.

வடிவு தினமும் மதியம் அபிஷா வீட்டுக்குப் போனாள். சின்ன வீடு. முன்னறையில் அபிஷாவின் அம்மா செல்வக்கனி தையல் மெஷின் வைத்திருந்தாள். வடிவு கட்டில் பக்கம் உட்கார்ந்து, பட்டையைக் கட்டி, வெந்நீர்த் துணியை வைத்து ஒத்தி, தடவி, தட்டி, கையைத் தொங்கப்போடச் சொல்லிப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. எழுந்து வருவாள்.

பதினைந்தாம் நாள் செல்வக்கனி மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்: "கிடைச்சுதா?"

"இல்ல மைனி. அவளுக்கு நரம்பு..." வடிவு பாதியில் நிறுத்தினாள். அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை.

செல்வக்கனி மெஷினை நிறுத்தினாள். ஒரு ஜாக்கெட்டை எடுத்து மடியில் போட்டு, பிரிந்திருந்த தையலை விரலால் நீவினாள்.

"நானும் ஊசி பிடிக்கிறவதான். இந்தா, இது நெஞ்சுக்கிட்டப் பிடிக்கின்னு திரும்பி வந்துருக்கு. துணி சரியில்லன்னு நான் சொன்னா அடுத்த தடவ இந்தக் கடைக்கு ஒருத்தி வருவாளா?"

"நான் என்ன சொன்னேன் மைனி."

"நீங்க ஒண்ணும் சொல்லல. நான் துணியைச் சொன்னேன்."

மெஷின் மறுபடியும் ஓடியது. வடிவு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். இடதும் வலதும் மாறியிருந்ததை ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் வந்துதான் பார்த்தாள்.

*

பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, மதியம். பதினோராம் நம்பர் அறையில் வேலை இல்லை. நாற்பது குப்பிகள் காலியாக ஸ்டாண்டில் நின்றன. வடிவு மேஜையை ஒதுங்கவைத்தாள். வேறு என்ன செய்வது. அப்போதுதான் வீட்டு ரவுண்டு நோட்டுப் புத்தகம் கையில் பட்டது.

நரம்பு போன பிறகு வீட்டு ரவுண்டுக்கு அபிஷாவைத் தவிர வேறு யாரையும் பார்க்க அவள் போகவில்லை. எடுப்பதற்கு ஒன்றுமில்லை, எதற்குப் போவது? வேறு யாரும் போவதாகவும் அவளுக்குத் தெரியாது. நோட்டில் மூன்று வாரப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும் என்று நினைத்துத் திருப்பினாள். இல்லை. கோணல்மாணலான எழுத்தில் எல்லாப் பக்கமும் நிறைந்திருந்தது.

மேலத்தெரு, பக்கவாதத்தில் கிடக்கிற ரயில்வே பெரியவர். பார்த்தேன். கிடைக்கவில்லை. கைத்தப்பு என்னுடையது.

கல்லறைத்தோட்டம் பக்கம், சகாயமேரி டீச்சர். இரண்டு தடவை பார்த்தேன். கிடைக்கவில்லை. கைத்தப்பு என்னுடையது. டீச்சர் முறுக்கு கொடுத்தார்கள்.

பஜார், பீடிக்கடைக்குப் பின்வீடு, பெரிய ஆபரேஷன் ஆனவர். கிடைக்கவில்லை. கைத்தப்பு என்னுடையது. வலி அதிகம், நர்ஸம்மாவிடம் சொல்லவேண்டும். சொல்லியாயிற்று.

பத்தொன்பது நாளும் போயிருக்கிறார் ஆறுகுத்து. சைக்கிளில். ஊருக்கே நரம்பு இல்லாதபோது, மதுரை மெஷினுக்கே தெரியாதபோது, இந்த மனிதர் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு கையையும் மடியில் வைத்துப் பார்த்து, தப்பு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துக்குப் பதிலாக ஆ.கு. என்று போட்டிருக்கிறார். அவரையே அவர் அப்படி எழுத ஆரம்பித்துவிட்டார்.

வடிவு புத்தகத்தை மூடினாள். திறந்தாள். முந்தின மாதங்களில் அவர் போன வீடுகளைத் திருப்பினாள். அங்கேயும் அதேதான். இரண்டு தடவை, கைத்தப்பு என்னுடையது, அக்காவிடம் கொடுத்தேன். ஒரு பக்கத்தில்கூட நரம்பு சரியில்லை என்று இல்லை.

அவர் உள்ளே வந்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"வெயில் கூடுதல்க்கா இன்னைக்கு."

"வே, நரம்பே இல்லாத ஊர்ல எதுக்கு வீடு வீடாப் போறீரு?"

அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். "ரயில்வேக்காரரு வாசலப் பாத்துக்கிட்டே கெடப்பாரு. திங்களும் வெள்ளியும் நாம வருவோம்னு அவருக்குத் தெரியும். வேற யாரு போறா அங்க?" தண்ணீர் குடித்தார். "அதுபோக, இல்லன்னு எப்படிச் சொல்லுதது? எனக்குக் கிடைக்கல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."



*

சனிக்கிழமை காலை அபிஷாவை மூன்று பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ரத்தம் ஏற்றுகிற வார்டு மாடியில், லிஃப்ட் ஓடாது. ஆகவே கீழேயே, பதினோராம் நம்பர் அறையிலேயே வைத்துப் பார்த்துவிடலாம் என்றார் நவமணி. ஐஸ் பெட்டியில் இரண்டு பை ரத்தம் தயாராக இருந்தது. அபிஷாவின் உதடு அவள் போட்டிருந்த வெள்ளைச் சுடிதாரைவிட வெளுத்திருந்தது. மூச்சு மேலே மேலே வாங்கியது. வாசலில் ஊர் நின்றது. தவசிமணி நின்றார், முழுக்கைச் சட்டையோடு ராபின்சன் நின்றான், வார்டு மெம்பர் ஒன்றும் பேசாமல் நின்றார்.

செல்வக்கனி மகளின் தலையைத் தாங்கிக்கொண்டு வடிவைப் பார்த்தாள்.

வடிவு பட்டையைக் கட்டினாள். தட்டினாள், தடவினாள், பதினெட்டு வருஷத்து விரல் ஞாபகத்தை எல்லாம் கூட்டி, இருக்கவேண்டிய இடம் இதுதான் என்று ஒரு இடத்தில் குத்தினாள். இல்லை. மறு கை. குத்தினாள். இல்லை.

மூன்றாவது ஊசியைப் பிரித்தாள். பிரித்த ஊசி கையில் இருந்தது. அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள், எழுந்தாள், சுவரில் இருந்த நகைக்கடைக் காலண்டரை எடுத்துத் தரையில் வைத்தாள். பின்னால் இருந்த காகிதம் மஞ்சளடித்துப்போயிருந்தது; எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

"அபிஷா," என்றாள். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. "போன தடவ உன்னை ஏழு தடவ குத்தினேன். ஒண்ணுன்னு புக்குல எழுதினேன். உன் நரம்பு நல்லாத்தான் இருந்துது. என் கைதான் தப்பு."

அபிஷா கண்ணைத் திறந்தாள். "தெரியும் அத்த. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்லா."

"நீங்க கேக்கலையே."

செல்வக்கனி முந்தானையால் மகளின் நெற்றியைத் துடைத்தாள். வடிவு பக்கத்து நாற்காலிக்குப் போனாள். ஆறுகுத்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் எப்படிக் கூட்டிக்கொண்டு வருவாரோ, அப்படி.

"ரெண்டு ஆச்சு," என்றாள். "நீங்க பாருங்க."

வாசலில் யாரோ, "ஆத்தா, ஆறுகுத்தா?" என்றார்கள். "ஏ, சும்மா கெட," என்றார் தவசிமணி.

அவர் உட்கார்ந்தார். பட்டையைக் கட்டவில்லை. ஊசியைத் தொடவில்லை. அபிஷாவின் இரண்டு கையையும் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"எந்த இடம் தாயி உனக்குத் தோது?"

இருபத்து மூன்று வருஷம், மூன்று வாரத்துக்கு ஒருதரம், குத்துக் கணக்கு எங்கேயோ போய்விட்டது. அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. அபிஷா யோசிக்கவே இல்லை.

"இடது கை. மணிக்கட்டுக்கு மேல, பெருவிரல் பக்கம். அங்க ஒண்ணு உண்டு. சின்னதா. அதை யாரும் பாக்க மாட்டாங்க."

"சின்னதுன்னா என்ன. நல்ல நரம்பாத்தான் இருக்கும். தப்பிச்சுன்னா அது என் கை. சரியா?"

"சரி."

அவர் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். அழுத்தவில்லை, தட்டவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது, நடுங்குகிற கையோடு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார், ரயில்வேக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததைப் போல, டீச்சர் வீட்டில் உட்கார்ந்ததைப் போல, பத்தொன்பது நாளும் எத்தனை வீட்டில் உட்கார்ந்தாரோ அத்தனை வீட்டிலும் உட்கார்ந்ததைப் போல, அவசரமே இல்லாமல், நவமணி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்த பிறகும், ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்த பிறகும். பிறகு கையை எடுத்தார்.

மணிக்கட்டுக்கு மேலே, பெருவிரல் பக்கம், பென்சிலை அழுத்தாமல் இழுத்தது மாதிரி ஒரு பச்சைக் கோடு இருந்தது.

அவர் பட்டையைக் கட்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊசியை எடுத்துக் குத்தினார்.

தப்பியது.

"என் கைதான்," என்றார்.

வடிவு கோட்டைப் பார்த்தாள். அது போகவில்லை. அங்கேயே நின்றது.

இரண்டாவது குத்தில் ரத்தம் வந்தது. மெலிந்த, வெளிறிய, மூன்று வாரத்துப் பழைய ரத்தம். குப்பியின் அடியில் விழுந்து ஏறியது. செல்வக்கனி அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

வாசல் பக்கம் சலசலவென்று கேட்டது. ராபின்சன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். புஜத்தில் ஒன்று, முழங்கையில் ஒன்று, புறங்கையில் நான்கு என்று மழைக்குப் பின் புல் வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தன. தவசிமணி இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வந்துட்டு, வீட்ல போய்ச் சொல்லணும்," என்றார். வார்டு மெம்பர் கழுத்தைத் தடவிப் பார்த்தார்; பேச ஒரு விஷயம் தேட ஆரம்பித்தார். வெளியே பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த பெண்கள் புறங்கையைப் பார்த்துக் கொஞ்சம் வருத்தப்பட்டிருப்பார்கள். அது போகட்டும்.

பொருத்தம் பார்த்து வந்தது. அந்தச் சின்ன நரம்பிலேயே ஊசியைப் பொருத்தி நவமணி முதல் பையைத் தொங்கவிட்டார். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. அரைமணி நேரத்தில் அபிஷா தண்ணீர் கேட்டாள். ஒருமணி நேரத்தில் போன் எங்கே என்று கேட்டாள். ஆபீஸில் வரிக் கணக்கு முடிக்கிற நேரமாம்.

*

பதினொரு மணிக்கு வடிவு ரிஜிஸ்டரைத் திறந்தாள். மூன்று வாரத்துக்கு முந்தின பக்கத்துக்குப் போய், அபிஷாவின் வரிசையில் ஒன்றை அடித்து ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இன்றைய பக்கத்துக்கு வந்தாள். தன் பெயருக்கு நேரே, எத்தனை குத்து என்ற கட்டத்தில், இரண்டு. கிடைக்கவில்லை. கைத்தப்பு என்னுடையது. எழுதி முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அடுத்த வரிசை. நோயாளி: அபிஷா. வயது இருபத்து மூன்று. எத்தனை குத்து: இரண்டு. எடுத்தவர் என்ற கட்டத்தில் பேனா பழக்கத்தில் ஆ என்று போட்டது. அங்கேயே நின்றது.

ஊசி எடுப்பதற்கு முன்னால் அந்த அறையில் எல்லோரிடமும் பெயர் கேட்பார்கள். குப்பியில் எழுதுவதற்கு முன்னால் இன்னொரு தடவை கேட்பார்கள். அவள் ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்டிருப்பாள். பக்கத்து நாற்காலியில் கேட்டதில்லை.

போட்ட எழுத்தை அடித்தாள்.

"அண்ணாச்சி."

அவர் பயன்படுத்திய ஊசிகளைக் கவனமாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல் வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை.

"உங்களத்தான் அண்ணாச்சி. உங்க பேரு என்ன?"

அவர் கையைத் துடைத்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். சொன்னார். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாக, கட்டம் நிறைய எழுதினாள்.

எடுத்தவர்: சு. கொம்பையா.